நடுக்கதவுக்கு எதிரே உள்ள இடம்: ஒரு லண்டன் நாட்குறிப்பு

10 ஜனவரி 2017, செவ்வாய்

லண்டன் பேருந்தின் நடுக்கதவுக்கு எதிரே ஒரு வெற்றிடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் விதிமுறைப்படி அது 1,300 மில்லிமீற்றர் நீளமும் 750 மில்லிமீற்றர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். அதன் ஒரு முனையில் மெத்தை வைத்த முதுகுப்பலகை நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவர் பேருந்தின் பின்புறத்தைப் பார்த்தபடி, அந்தப் பலகையோடு ஒட்டி அமர வேண்டும். சாரதி திடீரென்று பிரேக்கை அழுத்தினால் நாற்காலி முன்னோக்கிப் பாயாமல் அந்தப் பலகைதான் தாங்குகிறது. அதனால்தான் சக்கர நாற்காலியில் வரும் என்னை வேறு எந்த மூலையிலும் ஏற்ற முடியாது. நிற்பவர் நகரலாம், இருப்பவர் எழுந்து கொள்ளலாம், பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த ஓரிடம் கிடைத்தால் பயணம் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

இன்று காலை ஹரோவிலிருந்து வேலைக்குப் புறப்பட்டபோது அந்த இடத்தில் இரண்டு பிள்ளை வண்டிகள் நின்றன. சாரதி ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டார். ஒரு தாய் தன் வண்டியை ஒதுக்க முயன்றார், மற்றவர் தலையைத் திருப்பவே இல்லை. சாரதி கையை விரித்துக் காட்டிவிட்டுக் கதவை மூடினார். தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இதற்கு அலுவலகத்தில் இப்போது யாரும் விளக்கம் கேட்பதில்லை. அது நல்ல செய்தியா என்று எனக்குத் தெரியவில்லை.

13 ஜனவரி 2017, வெள்ளி

நாளை பொங்கல் என்பதால் தங்கச்சியுடன் வெம்பிளி ஈலிங் ரோட்டுக்குக் கரும்பும் பச்சரிசியும் வாங்கப் போனேன். அவளுடைய மகனுக்கு இப்போது ஏழு மாதம். திரும்பும்போது தரிப்பிடத்தில் என் நாற்காலியும் அவளுடைய வண்டியும் அருகருகே நின்றன. ஒரே குடும்பத்துக்குள்ளேயே யார் ஏறுவது என்ற கேள்வி வந்தது. "அக்கா, நீங்கள் ஏறுங்கோ, நான் அடுத்ததில வாறன்" என்றாள். நான் விடவில்லை, மடித்துக்கொண்டு ஏறு என்றேன்.

மடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளுடையது ஒரே அசைவில் மடியும் வண்டி அல்ல. முதலில் தூங்கும் பிள்ளையை எழுப்பி எடுக்க வேண்டும், பிறகு இருக்கைப் பகுதியைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டும், அதன் பிறகே சட்டம் மடியும். இத்தனையையும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால், பின்னால் வரிசை முணுமுணுக்கும்போது செய்ய வேண்டும். ஏறிய பிறகு அந்த இரண்டு துண்டுகளையும் எங்கே வைப்பது என்பதற்குப் பேருந்தில் விடையே இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சட்டத்தைத் தூக்கித் தன் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டிருக்காவிட்டால் நாங்கள் சேர்ந்து வீடு வந்திருக்க மாட்டோம்.

இடம் எனக்குரியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் "மடித்தால் போயிற்று" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் மடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

18 ஜனவரி 2017, புதன்

பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இன்று, சக்கர நாற்காலிக்காரரான டக் போலி தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பல ஆண்டுகளாக இந்த ஊரின் சக்கர நாற்காலிக்காரர் எல்லோரும் காத்திருந்த வழக்கு இது.

2012 பிப்ரவரி 24ஆம் திகதி போலி, வட இங்கிலாந்தில் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குச் செல்லும் ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் பேருந்தில் ஏறப் போனார். அந்த இடத்தில் தூங்கும் குழந்தையுடன் ஒரு பெண் இருந்தார். சாரதி கேட்டபோது, வண்டி மடியாது என்று அவர் மறுத்தார். அப்படியானால் தன் நாற்காலியை மடித்துவிட்டுச் சாதாரண இருக்கையில் அமரட்டுமா என்று போலி கேட்டிருக்கிறார்; மடித்த நாற்காலியைப் பாதுகாப்பாகக் கட்டிவைக்க வழியில்லை என்று சாரதி அதற்கும் இணங்கவில்லை. பிள்ளையின் வண்டி மடியாதபோது சக்கர நாற்காலியில் வந்தவர் தன் நாற்காலியை மடிக்க முன்வந்தார் என்ற இந்தச் செய்தியைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதவில்லை. அடுத்த பேருந்தில் போய், ரயிலைத் தவறவிட்டு, பெற்றோரைச் சந்திக்க வேண்டிய ஊருக்கு ஒரு மணி நேரம் பிந்திச் சேர்ந்தார்.

லீட்ஸ் நீதிமன்றம் 2013இல் அவருக்கு 5,500 பவுண் இழப்பீடு வழங்கியது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. இன்று ஏழு நீதிபதிகளும், சாரதி ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது என்ற அளவில் போலியின் பக்கம் நின்றார்கள். மறுப்பு நியாயமற்றது என்று தோன்றினால் சாரதி வேண்டுகோளைக் கட்டளையாக மாற்றிச் சொல்லலாம், தேவையானால் சில நிமிடங்கள் பேருந்தை எடுக்காமல் நிறுத்திவைத்து, மறுப்பவர் கூச்சப்பட்டு நகரும்படி செய்யலாம் என்கிறது நீதிமன்றத் தலைவர் நியூபெர்கர் பிரபுவின் தீர்ப்பு. மறுப்பவரை இறக்கிவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. இழப்பீட்டில் மட்டும் நான்குக்கு மூன்று என்று பிரிந்து, கொடுக்கத் தேவையில்லை என்று முடித்தார்கள். ஹேல் சீமாட்டியும் கெர், கிளார்க் பிரபுக்களும் கொடுக்கவேண்டும் என்ற பக்கம். நான் அந்த மூவரோடு உடன்படுகிறேன்.

மாலை முழுவதும் தீர்ப்பின் முழு வடிவத்தை வாசித்தேன். கூச்சப்பட வைப்பது என்ற வழிதான் மனத்தை உறுத்துகிறது. பேருந்து அசையாமல் நிற்கும் அந்த நிமிடங்களில் நான் நடைபாதையில் இருப்பேன். உள்ளே ஐம்பது பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் கண்ணில் தாமதத்தின் காரணம் பிள்ளை வண்டி அல்ல, நான்தான்.

20 ஜனவரி 2017, வெள்ளி

எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் மாமா ஒருவர் நெடுங்காலமாகப் பேருந்து ஓட்டுகிறார். தீர்ப்பைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். முன்னால் போகும் பேருந்துக்கும் பின்னால் வருவதற்கும் உள்ள இடைவெளியைக் கட்டுப்பாட்டு அறை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும், தான் நின்றால் தொடர்புக் கருவியில் முதலில் கேட்கப்படுவது ஏன் நிற்கிறாய் என்பதுதான் என்றும் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஒருவர், இறங்கி வந்து ஒரு தாயோடு வாதாடுவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. "நீதிபதிகள் எனக்கு ஒரு வேலை கூடத் தந்திருக்கினம், நேரம் தரேல்ல" என்றார்.

25 ஜனவரி 2017, புதன்

இந்தச் சண்டைக்கு வயது அதிகம் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் சக்கர நாற்காலியோடும் பிள்ளை வண்டியோடும் ஏறவே முடியாது: உயர்ந்த படிகள், குறுகிய வாசல், நடுவில் கம்பி. விமானப் பொறியாளர் ஓவன் மக்ளாரன் 1965இல் காப்புரிமை கோரிய, மூன்று கிலோவுக்கும் குறைவான மடிப்பு வண்டிதான் தாய்மாரைப் பேருந்தில் ஏற்றியது. மடிக்காமல் ஏறலாம் என்ற எண்ணமே அன்று இல்லை. 1990களில் உடற்குறையுள்ளோர் பேருந்துகளோடு தங்களைக் கைவிலங்கிட்டுக்கொண்டு மறியல் செய்தார்கள். 1995இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது, அதன் கீழ் 2000இல் நான் மேலே சொன்ன அளவுகள் வந்தன. திறந்த பின்மேடை கொண்ட ரூட்மாஸ்டர் பேருந்துகள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலகின. இரட்டைத் தட்டுப் பேருந்துகள் அனைத்தும் 2000ஆம் ஆண்டின் விதிமுறைக்கு இணங்க வேண்டிய இறுதிக் கெடு சரியாக இந்த மாதம் முதலாம் திகதிதான் முடிந்தது.

படியில்லாத தாழ்தளப் பேருந்துகள் வந்ததும் பெற்றோர் மடிக்காமல் உருட்டி ஏறத் தொடங்கினார்கள். அதில் தவறு இல்லை. அது எங்கள் போராட்டத்தின் பக்கப் பலன், அவர்கள் அனுபவிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த வசதியை நம்பி வண்டித் தயாரிப்பாளர்கள் பெரிய, கனமான, எளிதில் மடியாத வண்டிகளைச் செய்தார்கள். பேருந்தில் மட்டும் இடம் ஒன்றாகவே நின்றது.

2 பிப்ரவரி 2017, வியாழன்

பேருந்து நிர்வாகத்துக்கு நானும் தங்கச்சியும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினோம். இரு தரப்பும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் எங்களை மோதவிட்டு ஒதுங்க முடியாது என்பது அவளுடைய யோசனை. நடுக்கதவுக்கு அருகில் எதிர்ப்புறத்தில் உள்ள இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டு அங்கே பிள்ளை வண்டிகளுக்கென்று தனி இடம் ஒதுக்கும்படி கேட்டோம். இருக்கை குறைந்தால் வருமானம் குறையும் என்று பதில் வரும் என்பதை அறிவோம். ஆகவே பழைய பேருந்துகளை விட்டுவிட்டு, புதிதாக வாங்குபவற்றில் மட்டும் என்று எழுதினோம். கண்ணாடியில் ஒட்டியுள்ள வாசகத்தில் "தயவுசெய்து" என்று கெஞ்சுவதை மாற்றி, சக்கர நாற்காலி வந்தால் இடத்தை விட வேண்டும் என்று நேராக எழுதும்படியும் கேட்டோம். மறுப்பவருக்காகச் சாரதி நிறுத்திவைக்கும் நிமிடங்களை அவருடைய தாமதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது மாமா சொல்லித் தந்த வரி; அதைத் தங்கச்சி கடிதத்தின் முதல் கோரிக்கையாக மாற்றிவிட்டாள்.