குன்னூர் மிஸ்ட்டில் சுருட்டை முடி: பதினெட்டு மாதக் கணக்கு

அண்ணன் கல்யாணத்துக்காக ஒரு மே மாதம் கோயம்புத்தூர் இறங்கி, சுருட்டை முடியை மருந்தால் நேராக்கும் ரீபாண்டிங் செய்துகொண்டேன். ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு கிரீம் தடவினார்கள், அழுகிய முட்டை வாடை. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுப்பது அதன் வேலை. அப்புறம் அலசி, காயவைத்து, சூடான தட்டை இரும்பால் இழுத்து நீட்டி, இன்னொரு மருந்து போட்டு, அறுந்ததை நேராக இருக்கும் நிலையிலேயே மறுபடி ஒட்டவைக்கிறார்கள். மூன்று நாள் தலைக்கு ஊற்றக் கூடாது, பின்னக் கூடாது, காதோரம் செருகக்கூடக் கூடாது. கல்யாண ஆல்பத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகஸ்டில்தான் வம்பு. உச்சியில் ஒன்றரை அங்குலம் சுருட்டை முளைத்து நின்றது, அதற்குக் கீழே கோரைப்புல் மாதிரி நேர்முடி. "ஓலைக் கூரை மேல காக்கா கூடு வச்ச மாதிரி இருக்குடி," என்றார் அம்மா. மருந்து நீட்டியது வெளியே வந்துவிட்ட முடியை மட்டும்தான். மயிர்க்கால் வளைந்தபடியே இருக்கிறது, மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருட்டையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நான் ஒரு தேயிலை ஃபாக்டரி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். வருடத்துக்கு இரண்டு தடவை ரீபாண்டிங் என்றால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

பணம் மட்டும் காரணமில்லை. பள்ளிக்கூடம் முழுக்க எண்ணெய் தடவி இறுக்கிய இரட்டைச் சடை, கல்லூரியில் கிளிப், அப்புறம் கொண்டை. என் முடியை அது போக்கில் விட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

முதல் இரண்டு மாதம் வீடியோக்களில் சொன்னபடி செய்தேன். கடுமையில்லாத ஷாம்பு, நிறையக் கண்டிஷனர். கண்டிஷனர் வழுக்கலோடு இருக்கும்போதே விரலால் சிக்கெடுக்க வேண்டும், காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. அப்புறம் ஜெல் தடவி, கைநிறைய முடியை அள்ளி உச்சந்தலையை நோக்கிக் கசக்கிப் பிடித்து விடுவது. துண்டுக்குப் பதில் பழைய பனியன் துணி, துண்டின் நூல் முனைகள் சுருளைக் கலைத்துவிடும். இதுவரை எல்லாம் சரி. கடைசி வரியில்தான் சிக்கல்: "காற்றில் தானாகக் காயட்டும்."

குன்னூரில் ஆகஸ்டில் எது தானாகக் காய்ந்திருக்கிறது? ஜீன்ஸ் நான்கு நாள் கொடியில் தொங்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தலைக்கு ஊற்றினேன். மாலை நான்கு மணிக்குப் பிடரியில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. அதற்குள் நாலு தடவை மிஸ்ட் இறங்கி ஏறிவிட்டது. வெளிப்பக்கம் பஞ்சு, உள்பக்கம் ஈரம், நடுவில் தும்மல். ஜெல் சரியில்லை என்று நினைத்து மூன்று ஜெல் மாற்றினேன். மூன்றும் இப்போது குளியலறை ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன.

விஷயம் பிடிபட்டது ஃபாக்டரியில்தான். கொழுந்து வந்ததும் நேராக மிஷினுக்குப் போகாது. டிரஃப் என்ற கம்பிவலை போட்ட நீளமான தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு வாட்டுவார்கள். பக்கத்துச் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் ஜோடியாகத் தொங்கும். ஒன்றின் நுனியில் ஈரத்துணி, மற்றது வெறுமனே. இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாக இருந்தால் காற்று ஈரத்தை உறிஞ்சும். மிஸ்ட் நாளில் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். அன்றைக்கு எவ்வளவு ஃபேன் ஓட்டினாலும் கொழுந்து வாடாது, அடுப்பிலிருந்து சூடான காற்றைக் கலந்து விட வேண்டும். அதையும் கூட்டிவிட்டால் இலை சிவந்துபோகும் என்பார் எங்கள் டீமேக்கர். அவர் இதை ஒரு புதுப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பில் புத்தகத்தோடு நின்றிருந்த நான் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முடியின் சுருளில் இரண்டு கட்டுமானம் இருக்கிறது. கந்தகப் பிணைப்பு நிரந்தரமானது, மருந்துக்குத்தான் அசையும். இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அது நனைந்தால் அவிழ்ந்துவிடும், காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்படியானால் சுருள் அமைவது ஜெல் தடவும்போது அல்ல, காயும் அந்த நேரத்தில்தான். ஒன்பது மணி நேரம் காயாமல் இருக்கிற முடி, ஒன்பது மணி நேரமும் தலையணை, ஸ்வெட்டர், என் கை என்று பட்டதற்கெல்லாம் வளைந்துகொடுக்கிறது.

ஈரக் காற்றில் முடி நீளவும் செய்யும். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து முற்றிலும் ஈரமான காற்றுக்குப் போனால் சுமார் இரண்டு சதவீதம். இதை வைத்தே சோசூர் என்ற சுவிஸ் விஞ்ஞானி மனித முடியைக் கட்டி ஈரப்பதமானி செய்து, 1783-ல் அதைப் பற்றி எழுதியும் வைத்தார். டீமேக்கரிடம் சொன்னேன். அன்றிலிருந்து காலையில் என் தலையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்கு டிரஃபுக்கு ஹீட் விடணும் போலிருக்கே," என்பது அவர் வழக்கமாகிவிட்டது.

அக்டோபரில் டிஃப்யூசர் வாங்கினேன், டிரையர் மூக்கில் மாட்டும் முள்ளு முள்ளான கிண்ணம். அதில் ஒரு கொத்து முடியை உட்காரவைத்து, தலையோடு ஒட்டிப் பிடித்து, குறைந்த சூடு, குறைந்த வேகம். முக்கால் பங்கு காயும் வரை கையால் தொடக் கூடாது, இதுதான் கஷ்டம். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஜெல் காய்ந்து முடி முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று நிற்கும், பயப்பட வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு கசக்கினால் மொறுமொறுப்பு உதிர்ந்து சுருள் மட்டும் நிற்கும். அவசரப்பட்டு ஈரத்திலேயே கசக்கினால் பஞ்சுதான். மழைக்காலம் அல்லவா, ஒருநாள் பாதியில் கரண்ட் போய், வலது பக்கம் சுருள், இடது பக்கம் ஈரத்தோடு வேலைக்குப் போன கதையும் உண்டு.

நவம்பர் மழையில் கடை ஜெல்லை நிறுத்திவிட்டு ஆளி விதைக்கு மாறினேன். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஒட்டும். எட்டாவது நிமிடம் போல ஓரத்தில் வெள்ளை நுரை கட்டும். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கி, அறுந்து, மறுபடி மேலே சுருண்டுகொள்ளும். அந்த நொடியில் இறக்கிச் சூட்டோடு வடிகட்ட வேண்டும். முதல் தடவை ஆறட்டும் என்று விட்டேன். விதையும் கொழகொழப்பும் ஒரே கட்டியாகி, டீ வடிகட்டியில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்தார். "செம்பருத்தி இலையைக் கசக்கினா இதே கொழகொழப்பு வருமே, இதுக்கு எதுக்கு அடுப்பு?" உண்மைதான். ஆனால் செம்பருத்தி விழுதைத் தேய்த்து அலசிவிடுவோம், இது முடியிலேயே இருந்து காய வேண்டியது. இலைத் துணுக்கோடு ஃபாக்டரிக்குப் போக முடியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், வாடை மாறினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஆளி விதைக்கு மாறக் காரணம் கிளிசரின். கடை ஜெல் பலவற்றில் அது இருக்கிறது, ஈரத்தை இழுத்துப் பிடிப்பது அதன் குணம். மிஸ்ட்டில் காற்றிலிருக்கும் தண்ணீரையெல்லாம் முடிக்குள் இழுத்து ஊதவைக்கிறது. சரி, ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்தேன். ஜனவரியில் பகலெல்லாம் வெயில், இரவில் கடுங்குளிர், காற்று வறண்டு உதடு வெடிக்கும். அப்போது அந்த ஜெல்லைத் தடவினால் முடி வைக்கோல் ஆனது, வறண்ட காற்றில் கிளிசரின் முடியின் ஈரத்தையே இழுக்கும் என்று பிறகுதான் படித்தேன். என் தலைக்கு, எங்கள் ஊரில், கிளிசரின் ஒத்துவந்தது ஏப்ரலில் மட்டும். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு வேறு கணக்காக இருக்கலாம்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், இங்கே முக்கால்வாசி வருடம் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றும் வராது. வெந்நீரில் வைத்து உருக்கி, குளிப்பதற்கு முந்தைய இரவு நுனியில் மட்டும் தடவுகிறேன். குளித்த பிறகு தடவினால் குளிரில் இழை இழையாக ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியில் விழுந்த மாதிரி ஆகிறது.

டிசம்பர் குளிருக்குக் கம்பளிக் குல்லா இல்லாமல் காலை பஸ் பிடிக்க முடியாது. குல்லாவைக் கழற்றினால் மேல்பக்கம் தட்டை, ஓரம் பரட்டை. கம்பளி உரசுவதுதான் காரணம். அம்மாவின் பெட்டியில் அக்குள் கிழிந்த ஊதாப் பட்டு ரவிக்கை ஒன்று கிடந்தது. முதுகுப் பக்கத்தை வட்டமாக வெட்டி குல்லாவுக்குள் வைத்துக் கையாலேயே தைத்தேன். சுருள் பாதிக்கு மேல் தப்புகிறது. இந்தப் பதினெட்டு மாதத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்பேன்.

போன நவம்பரில் கடைசி நேர்முடியை வெட்டினேன். புதிதாக வளர்ந்தது இழுத்துப் பிடித்தால் ஏறத்தாழ ஒரு சாண், விட்டால் காதுமடலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு மார்க்கர் பேனா நுழையும், நெற்றியோரம் மட்டும் இன்னும் தளர்வு. காய்ந்த நிலையில் சுருள் சுருளாக வெட்டச் சொன்னேன். பார்லர் அக்கா முதலில் தயங்கினார், "ஈரமா வெட்டினாத்தான்மா நேரா வரும்." நேராக வரவேண்டாம் அக்கா என்றேன். சிரித்துவிட்டு வெட்டினார்.

இன்னும் சரியாகாதது பிடரி. ஸ்வெட்டர் காலர் உரசி உரசி அங்கே மட்டும் தினமும் ஒரு சிக்குக் கட்டி. காலருக்கும் உள்ளே பட்டு வைத்துத் தைக்கலாம் என்று யோசித்து, வேறு ரவிக்கை ஏதும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுந்து போய்ப் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்தார்.