முதலில் வலுவில்லாத கை

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவில்லாத கைதான் முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அதே கை கடைசியில் வெளியே வர வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) படிக்க வரும் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. வார்டில் அவசரம் வந்ததும் முதலில் மறந்துபோவதும் இதுதான். நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டால் துணி முதுகில் இறுகிவிடும். மிச்சமிருக்கும் இடத்துக்குள் அசையாத கையைத் திணிக்க வேண்டியிருக்கும். அதற்காக முழங்கையைப் பின்னால் தள்ளும்போது, தசை தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும் தோள்மூட்டு அடிபடும். பல வீடுகளில் "கை வலி தாங்கல" என்ற புகாரின் வேர் தினசரி உடை மாற்றுவதில்தான் இருக்கிறது.

செய்முறை இப்படி. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். சட்டையின் உள்பக்கம் மேலே தெரியும்படி மடியில் விரித்து, வலுவில்லாத கைக்கான ஸ்லீவை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொங்கவிடுங்கள். அவர் முன்னால் குனிந்தால் அந்தக் கை தன் எடையிலேயே ஸ்லீவுக்குள் இறங்கும். நல்ல கையால் ஸ்லீவை முழங்கையைத் தாண்டி, தோள்வரை இழுத்துவிட வேண்டும். முழங்கைக்குக் கீழே நிறுத்திவிட்டால் காலரை முதுகுப் பக்கம் சுற்றும்போது மொத்தமும் நழுவிவிடும். நாலு முறை நழுவினால் அவரும் கைவிட்டுவிடுவார். பிறகு நல்ல கை. பட்டனைக் கீழேயிருந்து மேலே போட்டு வந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒன்று தள்ளிப் போகாது.

நீங்கள் போட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இது. அவரே போட இருபது நிமிடம்கூட ஆகலாம். காலையில் குக்கர் கூவும், ஸ்கூல் வேன் வந்து நிற்கும், மெட்ரோ வாட்டர் நின்றுவிடும் என்ற பயம் வேறு. அந்த நேரத்தில் இருபது நிமிடம் கொடுங்கள் என்று எந்த மருமகளிடமும் கேட்பது நியாயமில்லை. ஆகவே காலையில் கடைசி இரண்டு பட்டனை மட்டும் அவரிடம் விடுங்கள். முழுப் பயிற்சியைச் சாயங்காலம், வீடு ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உதவி என்றால் முழுதாகச் செய்துகொடுப்பது, அல்லது சும்மா வேடிக்கை பார்ப்பது என்று இரண்டே நிலைதான் என நினைத்துவிடுகிறோம். நடுவில் பல படிகள் இருக்கின்றன. முதலில் பேசாமல் பத்து விநாடி காத்திருப்பது. நகரவில்லை என்றால் "அம்மா, அடுத்து எந்தக் கை?" என்று கேட்பது. அதுவும் போதவில்லை என்றால் ஸ்லீவைத் தொட்டுக் காட்டுவது. பிறகு முழங்கைக்கு அடியில் லேசாகத் தாங்குவது. அவர் கையோடு நம் கையை வைத்துச் செய்வது கடைசிப் படி. புதிய உதவியாளர்கள் பெரும்பாலும் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறார்கள். அன்பினால்தான். ஆனால் மூளை அந்தச் செயலைத் திரும்பப் பழகுவதற்கு, அடுத்து என்ன என்று அவரே தேடுகிற அந்தப் பத்து விநாடி வேண்டும்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும் வேலையில்தான் பராமரிப்பவரின் முதுகும் நோயாளியின் தோளும் ஒன்றாகக் கெட்டுப்போகின்றன. அக்குளில் கை விட்டுத் தூக்கக் கூடாது. வலுவில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. வீல்சேரை வலுவான பக்கத்தில், கட்டிலோடு ஒட்டி, சுமார் 30 முதல் 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டு, ஃபுட்ரெஸ்டை ஒதுக்கிவிடுங்கள். அவர் கட்டில் நுனிக்கு நகர்ந்து வர வேண்டும். பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பாதம் முன்னால் நீண்டிருந்தால் யாராலும் எழ முடியாது. உட்கார்ந்த இடத்தில் நீங்களே செய்து பார்த்தால் புரியும். பிறகு மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவுக்குக் குனியச் சொல்லுங்கள். பின்பக்கம் தானாகக் கிளம்பும். அவருடைய வலுவில்லாத முழங்காலை உங்கள் முழங்காலால் முன்னாலிருந்து தடுத்து, இடுப்பில் பெல்ட்டைப் பிடித்துத் திருப்புங்கள். லுங்கி முடிச்சும் புடவைக் கொசுவமும் பிடிமானம் ஆகா, அவிழ்ந்துவிடும். உள்ளே அழுந்தும் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் இத்தனையும் வீண். உட்காரும் உயரம் அவருடைய முழங்கால் மடிப்பின் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் அடியில் குழியுள்ள மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். செங்கல் நகரும், வைக்காதீர்கள்.

குளியலறைக்குப் போனால் சென்னை வீடுகளுக்கே உரிய சிக்கல்கள் வரிசையாக வரும். பழைய அடுக்குமாடி வீடுகளின் பாத்ரூம் கதவு குறுகல். சாதாரண வீல்சேர் நுழையாது. வாங்குவதற்கு முன் கதவின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், கதவு முழுதாகத் திறக்காத இடங்களில் அது அடைக்கும் அகலத்தைக் கழித்துவிட்டு. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையால் சோப்பு நுரைக்காமல் ஒரு படலமாகத் தரையில் படியும். அதன் மேல் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் போதும். எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது வெறும் குளியல் இல்லை அவர்களுக்கு. எண்ணெயைக் கூடத்திலேயே தேய்த்து, பாதத்தை மட்டும் விட்டுவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவிய பிறகு உள்ளே அழைத்துப் போகலாம்.

பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் கால் விரிந்து வழுக்கும். ரப்பர் புஷ் போட்ட ஸ்டீல் நாற்காலியே சரி. வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு மக்குக்கும் குனிய வேண்டும், விழுவது அங்கேதான். இன்னொரு உறுதியான ஸ்டூலில், வலுவான கைப் பக்கத்தில் வாளியை வையுங்கள். மக் அரை லிட்டர் கொள்வதாக இருக்கட்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது, எடை விழுந்தால் திருகோடு பெயர்ந்து வரும். சுவரில் நங்கூரத் திருகு அடித்த கிராப் பார் வேண்டும், அதுவும் வலுவான கை எட்டும் பக்கத்தில். ஹெல்த் ஃபாசெட்டும் அதே பக்கத்துக்கு மாற வேண்டும். பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் கழுவிக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய அவமானம் அதோடு தீர்ந்துவிடும். இதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெந்நீரின் சூட்டை உணர்ச்சி குறைந்த கையால் பார்க்க விடாதீர்கள். டம்ளர் காபிக்கும் இதே கவனம் வேண்டும்: கொப்புளம் வந்த பிறகுதான் அந்தக் கைக்குச் சூடே தெரியவில்லை என்று பலருக்குத் தெரிகிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வலது கை செயலிழந்தவரிடம் "இடது கையால சாப்பிடுங்க" என்று சொல்வது சுலபம். இடது கையால் சோற்றைத் தொட அவருக்கு மனம் ஒப்பாது. மனைவி ஊட்டிவிடுவார். ஊட்டும் கைக்கு அவசரம் இருக்கும். உருண்டை பெரிதாகும், வாயில் இருப்பது இறங்கும் முன் அடுத்தது வந்துவிடும். இதற்கு நடுவழி உண்டு. இடது கையில் ஸ்பூன் கொடுங்கள். நேரடியாகத் தொடாததால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். பிடி மெல்லியதாக இருந்தால் விரலில் நிற்காது, சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை ஸ்பூனில் செருகுங்கள், அல்லது துணி சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். விளிம்பு உயர்ந்த தட்டை ஈரத்துணி மேல் வைத்தால் நகராது. வலது கை மடியில் கிடக்க வேண்டாம், மேசை மேல் தட்டின் ஓரத்தை ஒட்டி இருக்கட்டும். வலது விரல்களில் அசைவு திரும்பத் தொடங்கிய நாளில், நன்றாகக் குழைந்த பருப்புச் சாதத்தில் நாலு வாய் மட்டும் அந்தக் கையால். மிச்சம் ஸ்பூனில்.

மூளையின் வலப்பக்கம் பாதித்தவர் சிலர் தட்டின் இடது பாதியைத் தொடாமலே எழுந்துவிடுவார்கள். பசி இல்லை என்று வீட்டில் நினைப்பார்கள். அந்தப் பாதி அவர் கவனத்துக்கே வரவில்லை. தட்டின் இடது ஓரத்தில் சிவப்புத் துணிப் பட்டை ஒன்றை வைத்து, "சிவப்பு தெரியுதா, அங்கிருந்து ஆரம்பிங்க" என்று தலையைத் திருப்பப் பழக்குங்கள். தட்டைச் சுழற்றி வைப்பது அன்றைய சாப்பாட்டுக்கு உதவும்; தலை திருப்பப் பழக்குவதுதான் தெருவைக் கடக்கவும் உதவும்.

விழுங்குவதில் சிரமம் இருக்கிறவர் அண்ணாந்து குடிக்கக் கூடாது. உதடு படாமல் தண்ணீர் குடிப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும் வழி திறந்துகொள்கிறது. அவருக்கென்று தனி டம்ளர் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, சிறிய மடக்குகளாகக் குடிக்கட்டும். ரசம் சாதத்தில் நீரும் பருக்கையும் தனித்தனியாக ஓடுவதால் அது கெட்டித் தயிர்ச் சாதத்தைவிடக் கடினம். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் நீர் கோர்த்தது போல மாறுவது, இவை தெரிந்தால் நிறுத்திவிட்டு, பேச்சோடு விழுங்கும் சிரமத்தையும் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டாம்.

கைப் பயிற்சி என்றதும் எல்லோரும் ஸ்பாஞ்ச் பந்து வாங்கிவிடுகிறார்கள். விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகும் கைக்குப் பிடிப்பதைவிட விரித்து விடுவதுதான் கடினம். பந்தை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இறுக்கத்துக்கே பயிற்சி கிடைக்கும். இரண்டு கையாலும் துண்டு மடிப்பது, மேசையில் துணி வைத்து முன்னும் பின்னும் துடைப்பது, முருங்கைக்கீரை உருவுவது, உறித்த பூண்டைக் கிண்ணத்தில் எடுத்துப் போடுவது போன்றவை மேல். ஐம்பது வருடம் சமைத்த பெண்மணியிடம் குழந்தைகளின் வண்ண முளைகளைக் கொடுத்துப் பலகைத் துளைகளில் செருகச் சொல்வது எனக்கு ஒருபோதும் ஒப்பாத விஷயம். அவர் ஆய்ந்த கீரை அன்று மதியம் பொரியலாகும்.

குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். சாக்ஸ் போடுவதில் குதிகால்வரை நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பைக் குழந்தையிடம் விடுங்கள். அது பழகியதும் குதிகாலுக்கு முந்தைய கட்டம். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி குழந்தைக்கே கிடைக்கும். பென்சில் பிடி சரியில்லை என்றால் முதலில் பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள், காலுக்கு அடியில் பலகை போட்டதும் பாதிச் சிக்கல் தீர்வதுண்டு. இரண்டு சென்டிமீட்டர் சாக்பீஸ் துண்டைக் கொடுத்தால் நாலு விரலும் வைக்க இடமிருக்காது, மூன்று விரல் தானாக வரும்.

புதிய உதவியாளர்கள் குறிப்பேட்டில் "ஓரளவு உதவி தேவை" என்று எழுதுவதால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. "சட்டை: வலது ஸ்லீவைத் தோள்வரை தானே இழுத்தார், இரண்டு முறை நினைவூட்டல், 14 நிமிடம்" என்று எழுதுங்கள். உடனே சொல்ல வேண்டியவை தனி: அழுத்தம் பட்ட இடத்தில் அரை மணிக்குப் பிறகும் மறையாத சிவப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், புதிதாகத் தொடங்கிய தோள்வலி. வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கை திடீரென விழுவது தெரிந்தால் தெரபிஸ்டைக் கூப்பிட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் தரும்.

ஸ்பிளின்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கி வைக்கும் பட்டை), வீல்சேர் ஆகியவற்றைக் கடையில் பார்த்து வாங்காமல் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ, குழந்தைகள் என்றால் முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலோ அளவு பார்த்த பிறகு வாங்குவது நல்லது. நடமாட முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வரும் நாளில் குளியலறையையும் கட்டிலையும் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாகச் சோர்வு. சித்திரை, வைகாசி வெயிலில் காலைக் குளியலும் உடையும் முடிந்ததுமே நாளின் தெம்பு தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். முந்தைய இரவே அவரிடம் கேளுங்கள்: நாளைக்கு எது முக்கியம்? சாயங்காலம் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் காலையில் குளிப்பாட்டிவிடுங்கள், சட்டையும் நீங்களே போட்டுவிடுங்கள், மதியம் ஒரு மணி நேரம் படுக்கட்டும். கோயில் வாசலில் இறங்கி நடப்பது மட்டும் அவருடையது.