அடி விழுந்தபின் வரும் ஷாட்

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வீராங்கனைகளைப் பெண்ணிய நோக்கில் அலச உட்காரும் எவரும் முதலில் எண்ணத்தான் தொடங்குவார்கள்: எத்தனை அடி, எத்தனை வெட்டு, எத்தனை பிணம். ஸீனா என்ற முன்னாள் படைத்தலைவியின் சாகசங்களைச் சொல்லும் ‘ஸீனா: வாரியர் பிரின்சஸ்’ (1995–2001) தொடரில் இந்தக் கணக்கு முதல் நாளே கவிழ்ந்துவிடும். சிரிப்புக்காக மண்டையில் ஒரு தட்டும் உயிரைக் குடிக்கும் ஒரு வெட்டும் அட்டவணையில் சரிசமமாக உட்கார்ந்திருக்கும்.

அதைவிட, ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது. முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். கேமரா வாள் பிடித்த கையோடு போகிறதா, தோலுடையின் விளிம்பில் தங்குகிறதா என்பது அப்போதுதான் பிடிபடும். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். துள்ளல் இசை வலியை எங்கே துடைத்துப்போடுகிறது என்று தெரியும். மூன்றாம் முறை தாளில் நான்கு பத்திகள்: அடித்தவர், ஆயுதம், அடிபட்டவர், அடுத்த ஷாட். விழுந்தவனின் முகத்தை அடுத்த ஷாட்டில் காட்டுகிறார்களா? பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்தி காலியாகவே கிடக்கும். காலி என்றே எழுத வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

(தாளில் ஏறாத ஒருவர் டூப் போடும் பெண். கால்சட்டைக்குள் முழங்கால் பேட் மறையும், குட்டைப் பாவாடையில் மறையாது. கவர்ச்சி உடையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த முழங்காலைப் பற்றிப் பேசுவதில்லை.)

அந்தக் கடைசிப் பத்தி நிரம்பி வழிவது 1997இல், மூன்றாம் சீசனில். ஸீனாவின் தோழி கேப்ரியேல் முதன்முறையாக ஒரு உயிரைக் கொல்கிறாள். அவள் கை ரத்தத்தை நமக்குக் காட்டுகிறார்கள். அவள் அழுகையைக் கேட்கிறோம். அதே எபிசோடிலேயே தீய தெய்வமான டஹாக் அவள் சம்மதமின்றி அவளைக் கருவுற வைக்கிறது. படை நடத்தி ஊர்களைச் சூறையாடிய ஸீனாவுக்குக்கூட அதுவரை கர்ப்பத்தால் இப்படி ஒரு தண்டனை எழுதப்படவில்லை. கொன்ற பெண்ணுக்குக் கர்ப்பத்தால் தண்டனை என்பது எழுத்தாளர்கள் போட்ட முடிச்சு. ஆண் நாயகனுக்கு இப்படி ஒரு முடிச்சு எளிதில் விழாது.

2001இன் இறுதிக் கதை ஜப்பானில் நடக்கிறது. தன்னால் மூண்ட தீயில் மாண்ட 40,000 பேரின் ஆன்மாக்கள் விடுதலை பெற, ஸீனா தானே சாவைத் தேடிப் போகிறாள், தலை துண்டிக்கப்படுகிறது. உயிர்ப்பிக்க வழி கிடைத்தும் மறுத்துவிடுகிறாள். இந்த இடத்தில் எந்த இரண்டு பேரின் தாளும் ஒத்துப்போகாது. அடித்தவர் என்ற பத்தியில் ஒருவர் சாமுராய் என்று எழுதுவார், இன்னொருவர் ஸீனா என்று. அடித்து அடித்துத் திருத்திவிட்டு, எழுத்தாளர் என்று எழுதுபவரும் உண்டு.