யாப்பு வகுப்புக்கு ஒரு மூடில் பயிற்சி

எங்கள் கல்லூரியின் இணையவழிக் கற்றல் தளமான மூடிலைப் பராமரிப்பதும், ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்த உதவுவதும் என் பணி. 2020 ஊரடங்குக் காலத்தில் பயிற்சி வகுப்புகள் பல நடத்தி, தளத்தின் வசதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினோம். அதற்குப் பின் பெரும்பாலோர் செய்தது பாடக் குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றிவைத்தது மட்டுமே. குறை அவர்களுடையது அன்று. மாணவர்கள் எதைச் செய்யக் கற்க வேண்டும் என்று நாங்கள் அவர்களை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

2022இல் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் வந்து, "யாப்பிலக்கணத்துக்குக் காணொளி எடுத்துத் தர முடியுமா, தம்பி?" என்றார். "மாணவர்கள் எந்த இடத்தில் தவறுகிறார்கள், ஐயா?" என்று கேட்டேன். மறுநாள் விடைத்தாள் கட்டுடன் வந்தார். 'கடவுள்' என்ற சீரை க / ட / வுள் என மூன்று அசைகளாகப் பிரித்து, நேர் நேர் நேர், அதற்குரிய வாய்பாடு தேமாங்காய் என்று பலர் எழுதியிருந்தார்கள். கட / வுள், நிரை நேர், புளிமா என்று வர வேண்டும். இரு குறில் இணைந்தால் நிரையசை என்னும் விதியை அவர்கள் ஒப்பிப்பார்களாம். சீரைப் பிரிக்கும்போதுதான் அது கைவருவதில்லை. தவறும் கணத்திலேயே யாராவது பக்கத்திலிருந்து சுட்டிக்காட்ட வேண்டும் என்பதும், காணொளியால் அது ஆகாது என்பதும் அந்தத் தாள்களைப் புரட்டும்போதே எங்கள் இருவருக்கும் தெளிவாகிவிட்டது.

ஆகவே, ஒரே வினாவுக்குப் பலமுறை முயலும் வாய்ப்பைத் தரும் மூடில் தேர்வு அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் தனி விளக்கம் எழுத அதில் இடமுண்டு. தேமாங்காயைத் தெரிவு செய்தால், "முதல் இரண்டு எழுத்தும் குறில், அவற்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்" என்று வரும், விடை வராது. இந்த விளக்கங்களைப் பேராசிரியரே எழுத வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன், ஏனெனில் முப்பது ஆண்டுகளாக அந்தத் தவறுகளைப் பார்த்தவர் அவர்தான். முதல் முயற்சி தவறினால் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது மூடிலின் இயல்பான ஏற்பாடு. அதைச் சுழியமாக்கினோம், பழகும் இடத்தில் மதிப்பெண் அச்சம் கூடாது.

அவர் சேர்த்துவைத்திருந்த வினாக்கள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்ததால், தளத்தில் ஒட்டியதும் 'அ' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'எம்' நின்றது. அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க இரண்டு வாரம் ஆயிற்று. அசைகளை இழுத்துப் பொருத்தும் வகை வினாக்களை நான் விரும்பினேன். சிறிய கைபேசித் திரையில் மாணவர்கள் திணறியதைக் கண்டு அவற்றைக் கைவிட்டேன்.

எந்தத் தவறான தெரிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதைத் தேர்வின் புள்ளிவிவர அறிக்கை காட்டும். இரண்டாம் வார அறிக்கையில், சீர் ஓரளவு சரியாகியிருந்தது. அடுத்தடுத்த சீர்கள் இணையும் முறையான தளையில் பலர் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். தேமா, புளிமா போன்ற மாச்சீரை அடுத்து நேரசை வந்தால் நேரொன்றாசிரியத்தளை. அவர்கள் அதை இயற்சீர் வெண்டளை என்றார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1991 முதல் மாணவர்களைத் தமக்குள் விவாதிக்கவிட்டுக் கற்பித்த முறையை ஐயாவிடம் சொன்னேன். அடுத்த வகுப்பில் அவர் விரிவுரையைத் தள்ளிவைத்து, கரும்பலகையில் 'கடவுள் வாழ்த்து' என்று மட்டும் எழுதி, "இதில் என்ன தளை? பக்கத்தில் இருப்பவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்" என்றார். பின் வரிசையில் நான் அமர்ந்திருந்தேன். மா, விளம், நேர், நிரை என்று வகுப்பு முழுவதும் குரல்கள் எழுந்தன. சிலர் விரல்விட்டு அசை எண்ணினார்கள். முதலில் வெண்டளை என்று கை தூக்கிய மாணவி ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம் 'வாழ்த்' என்பதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள்.

நிரையொன்றாசிரியத்தளைக்கான வினாக்களை இப்போது அவரே தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்.