கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு?

கால் முறிவுக்கோ, பித்தப்பை ஆபரேஷனுக்கோ ஒருவர் அட்மிட் ஆகிறார். "குடிப்பீங்களா?" என்று கேட்கிறோம். "எப்பவாவதுதான் சிஸ்டர்." அதையே சார்ட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மூன்றாம் நாள் இரவு அவர் ஐவி லைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டிருப்பார். "அனஸ்தீசியா இன்னும் தெளியல", "வயசானவர், அப்படித்தான்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில் அது மது விலகல், அதாவது தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று குடி நின்றதும் காட்டும் எதிர்வினை. அட்மிஷனில் சரியாகக் கேட்டிருந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கேட்க வேண்டியது குடிப்பாரா என்பதையல்ல. கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை. கூடவே, தினமும் எவ்வளவு, காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நிற்குமா, முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா, நினைவு தடுமாறியதா என்றும் கேளுங்கள். முன்பு ஒருமுறை ஃபிட்ஸோ டெலிரியமோ (நினைவு தடுமாறிக் குழம்பும் நிலை) வந்தவருக்கு இம்முறையும் வரும் வாய்ப்பு அதிகம். "எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், மருந்து அளவு பார்க்க வேணும்" என்று சாதாரணக் குரலில் கேட்டால் பலரும் உள்ளதைச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது கேட்டால் சொல்லமாட்டார்கள்.

அந்த மணியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்குகிறது. 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு வரலாம். ஃபிட்ஸ் பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள். டெலிரியம் ட்ரெமென்ஸ், அதாவது நடுக்கத்தோடு வரும் கடுமையான விலகல் குழப்பம், பொதுவாக 48 மணிக்குப் பிறகு, 96 மணி வரைக்கும். இரண்டாம் நாள் அமைதியாக இருந்தார் என்பதற்காகக் கவனத்தைத் தளர்த்த முடியாது. ஹேண்ட்ஓவரில் "இரண்டாம் நாள்" என்று சொல்வதைவிட "கடைசி குடிக்குப் பிறகு 40 மணி" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஷிஃப்ட் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

விலகல் எவ்வளவு கடுமை என்று அளப்பதற்கு சீவா (CIWA-Ar) ஸ்கேல் இருக்கிறது. 10 அம்சங்கள், மொத்தம் 67. 8-க்குக் கீழே என்றால் லேசானது, 15-க்கு மேல் போனால் கடுமையானது. ஆனால் கதவருகே நின்று கண்ணால் பார்த்து எண் போடுகிற பழக்கம் இந்த ஸ்கேலையே கெடுத்துவிடுகிறது. நடுக்கத்துக்கு, இரு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் உங்கள் விரல் நுனியை அவர் விரல் நுனியில் வையுங்கள். அதிர்வு தட்டினால் 1. கை நீட்டினால் நன்றாகத் தெரிகிறது என்றால் 4. கை மடியில் கிடக்கும்போதே ஆடினால் 7. வியர்வையும் அப்படித்தான்: உள்ளங்கை ஈரம் 1, நெற்றியில் முத்து முத்தாக நின்றால் 4, உடல் முழுக்க நனைந்தால் 7. "எதாவது ஊர்ற மாதிரி இருக்கா, வெளிச்சம் கண்ணைக் குத்துதா?" என்று வாய் திறந்து கேட்கவும் வேண்டும். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

சீவா எங்கே கைவிடும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பேச முடியாதவருக்கும் ஏற்கெனவே குழம்பிப்போனவருக்கும் அது பொருந்தாது. நாடித்துடிப்பு, பிரஷர் இரண்டுமே அதன் மதிப்பெண்ணில் இல்லை. தனியாகப் பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கர் (நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாது, நடுக்கமும் மங்கும். எண் குறைவாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

விலகலைத் தணிக்கும் மருந்தில் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு வழக்கமானவை. ஈரல் கெட்டவருக்கு டாக்டர் லோராசிபாம் எழுதுவார். மற்றவை உடலில் தேங்கிவிடும். ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்பதைப் பார்த்த பிறகே மருந்து. டோஸ் கொடுத்து ஒரு மணி நேரத்தில் மறுபடி ஸ்கோர். தூங்குகிறார் என்று எழுதுமுன் எழுப்பிப் பாருங்கள். தூக்கத்துக்கும் அதிகப்படியான மயக்கத்துக்கும் வித்தியாசம் தூரத்திலிருந்து தெரியாது. மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடாலை மட்டும் கொடுத்து அடக்குவது ஆபத்து, ஃபிட்ஸ் வரும் வாசலை அது தாழ்த்திவிடும்.

தயமினை (வைட்டமின் பி1) மறந்துவிட்டுக் குளுக்கோஸ் ஓட விடுவது இன்னொரு பழைய தவறு. தயமின் வற்றிப்போன மூளை குளுக்கோஸைப் பயன்படுத்த முடியாமல் வெர்னிக்கி என்ற மூளை நோய்க்குள் போகலாம். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்து தெரிந்தால்தான் வெர்னிக்கி என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலோருக்கு மூன்றும் சேர்ந்து வராது. சந்தேகம் இருந்தாலே ஊசி வழியாகத்தான். பல இடங்களில் 500 மி.கி. தயமினை 100 மி.லி. சலைனில் 30 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. மாத்திரையைக் குடல் சரியாக உறிஞ்சாது. சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தால் தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதிக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆக்சிஜன், சக்‌ஷன், கடிகாரம். 5 நிமிடம் தாண்டினால் அவசர அழைப்பு. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, ஃபிட்ஸுக்குப் பிறகு தெளியாமலே இருந்தாலோ, அதை விலகல் கணக்கில் எழுதிவிடாதீர்கள். விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். காய்ச்சல் இருந்தால் தொற்றையும் தேட வேண்டும்.

டெலிரியத்தில் இருப்பவரைக் கட்டிப்போடுவது எளிதாகத் தோன்றும். கட்டை எதிர்த்து மல்லுக்கட்டியே உடம்பு சூடேறும், தசை சிதையும், சிறுநீரகம் அடிவாங்கும். இரவிலும் மிதமான விளக்கு, கண்ணில் படும்படி கடிகாரம், கண்ணாடி போடுபவருக்கு அவரது கண்ணாடி, முடிந்தவரை ஒரே முகம். "பூச்சி இல்லவே இல்லை" என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்குத் தெரியல, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது, நான் இங்கதான் இருக்கேன்" என்பது போதும். அந்த மூன்று நாளில் குடியின் தீமை பற்றி உபதேசம் செய்வது வீண், அவருக்கு அது பதியவே பதியாது. தெளிந்த பிறகு, "நிறுத்தினா உங்களுக்கு என்ன மாறும்?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுவது நல்லது.

டிஸ்சார்ஜில், மறுபடி குடிக்காமல் இருக்க உதவும் டைசல்ஃபிராம் மாத்திரை எழுதியிருந்தால் கடைசிக் குடிக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில் குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரலாம் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். இருமல் டானிக், மவுத்வாஷ் லேபிள்களில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.