நீல எனாமலுக்கு அடியில் ஓடும் கோடுகள்

எனாமல், அதாவது உலோகத்தின் மேல் நிறக் கண்ணாடிப் பொடியைச் சுட்டு உருக்கிப் படியவைக்கும் வேலைப்பாடு, உள்ள ஆடம்பர பாக்கெட் கடிகாரம் என்றதும், மூடியில் பூங்கொத்தோ அழகியின் முகமோ வரைந்திருக்கும் ஜெனீவா கடிகாரங்களைத்தான் பலரும் சொல்வார்கள். 1630களில் பிரான்சின் ஜான் டூட்டான், வெள்ளை எனாமல் பரப்பின் மேல் நிறங்களைத் தீட்டிச் சுடும் முறைக்கு வழிவகுத்தார். சீனச் சந்தைக்கென 1822இல் தொடங்கப்பட்ட போவே நிறுவனத்தின் ஓவியக் கடிகாரங்களும் அந்த மரபில் வந்தவையே. அவற்றின் நுணுக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அவை சுவரில் மாட்ட வேண்டிய படத்தைச் சுருக்கி உள்ளங்கையில் வைத்தது போலவே படுகின்றன.

என் மனம் போவது, ஓவியமே இல்லாத ஒற்றை நிற மூடிகளின் பக்கம். மயிலாப்பூரில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கருநீலத்துக்கு அடியில், நடுவிலிருந்து விளிம்பு வரை அலையலையாக விரியும் மெல்லிய கோடுகள். மூடியைச் சற்றே சாய்த்தால் வெளிச்சம் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கையால் சுழற்றும் கடைசல் எந்திரத்தில் தங்கத்தின் மீது முதலில் இக்கோடுகளைச் செதுக்கி, பின்பு கோபால்ட் சேர்த்த கண்ணாடிப் பொடியை ஈரமாகப் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் உருக்கி, இதையே பலமுறை செய்து மெருகேற்றுகிறார்கள். பள்ளமான இடத்தில் கண்ணாடி தடித்து நிறம் அடர்கிறது, மேடான இடத்தில் வெளிறுகிறது. ஒரே நீலம் பல நீலங்களாகத் தெரிவதன் காரணம் இதுதான். உலோகமும் கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால், மெல்லிய தகட்டின் பின்புறத்திலும் எனாமல் பூசிச் சுடுவது வழக்கம்; இல்லையேல் தகடு வளைந்து, மேற்பரப்பு விரிசல் விடும்.

வாங்க நினைப்பவர்கள் கீலையும் விளிம்பையும் முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் சில்லு பெயர்வது பெரும்பாலும் அங்கேதான். பெயர்ந்த இடத்தைப் பிசின் கொண்டு நிரப்பியிருந்தால், சாய்த்துப் பார்க்கையில் அந்த இடம் மட்டும் மங்கும். பழைய எனாமலை மீண்டும் உலையில் வைத்தால் மிச்சமிருப்பதும் விரிசல் காணும் அபாயம் உண்டு. சிறு சில்லு என்றால் அப்படியே விட்டுவிடுவது மேல்.

சென்னையின் கடற்காற்றில் இந்த நிறம் மங்குவதில்லை, அது கண்ணாடி. துருப்பிடிப்பது உள்ளேயிருக்கும் எஃகு உறுப்புகளே. ஆகவே மெத்தென்ற துணியில் தனியாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் வைப்பதே நல்லது.