பிரஷர் மாத்திரையும் எச்சில் வற்றிய வாயும்

நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, முறுக்கு தண்ணீர் இல்லாமல் இறங்க மாட்டேன் என்கிறது, ராத்திரி வாய் காய்ந்து விழிப்பு வருகிறது. உடனே எல்லாரும் சர்க்கரை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். கூடவே மாத்திரைப் பட்டையையும் திருப்பிப் பாருங்கள்.

பிரஷர் மாத்திரைகளில் அதிகம் வறட்டுவது குளோனிடின். மூளையிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வரும் தூண்டுதலையே அது மட்டுப்படுத்திவிடும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரைகள் உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்குவதால் வாய் காயும். அம்லோடிபின் எச்சிலை அவ்வளவாகத் தொடாது, ஆனால் சிலருக்கு ஈறு தடிக்கும். எனலாப்ரில் போடுபவருக்கு உதடோ நாக்கோ திடீரென வீங்கினால் அது சுரப்பி வீக்கமாக இருக்காது, உடனே 108-ஐ அழையுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் செட் மாத்திரையில் சிபிஎம் (குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து) இருந்தாலோ, நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதியிருந்தாலோ, வறட்சிக்கு முதல் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

அளந்து பார்க்க வழி உண்டு. ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருங்கள். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்து, ஊறுகிற எச்சிலை விழுங்காமல் 15 நிமிடம் ஒரு சின்னக் கிண்ணத்தில் விடுங்கள். நுரை அடங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். 1.5 மில்லி அல்லது அதற்கும் குறைவு என்றால் சுரப்பு குறைந்துவிட்டது என்று பொருள்.

களி சாப்பிடுகிற வீடுகளில் இது லேசில் தெரியாது. உருண்டையைக் குழம்பில் தோய்த்து மெல்லாமலே விழுங்கிவிடலாம் இல்லையா. மென்றால்தான் சுரப்பி நன்றாக வேலை செய்யும். சாப்பாட்டோடு வெள்ளரியோ கேரட்டோ கடித்து மெல்லுங்கள். எலுமிச்சை உப்பு சோடா மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு பிரஷரை ஏற்றும், புளிப்பைக் கழுவ எச்சில் இல்லாத வாயில் பல் அரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாய் காயக் காய போர் தண்ணீரைக் குடித்தால் ஃப்ளோரைடும் அந்த அளவுக்கு உள்ளே போகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும் கிணறுகள் இங்கே நிறைய. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே பிடித்து வையுங்கள். மடக்கு மடக்காகக் குடித்தால் போதும். சிறுநீரகக் கோளாறோ இதய பலவீனமோ உள்ளவர்கள் தண்ணீரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாய் காய்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளோனிடினைத் திடீரென விட்டால் பிரஷர் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். அட்டெனோலால் என்ற பிரஷர் மாத்திரையை அப்படி விட்டால் நெஞ்சுவலியே வரலாம். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதனால் மாதக்கணக்கில் டாக்டரைப் பார்க்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் வறட்சியைச் சொல்லுங்கள். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, செட் மாத்திரை உட்பட எல்லாப் பட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.